சொல்லாமல் விட்ட கம்பி

காலையில் கண் விழித்ததும் கரண்டக்காவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது, தம்பியோடு தனக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பது. அடுத்து நினைவுக்கு வந்தது கம்பி.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. போர்வையை உதறி எறிந்துவிட்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாள். கீழே பட்டறையில் தம்பியின் பைக் நின்ற இடம் காலியாக இருந்தது. பட்டறைக்குப் பின்னால் இருந்த அவன் அறையை எட்டிப் பார்த்தாள். ஆணியில் தொங்கும் சட்டைகள் இல்லை, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெட்டி இல்லை. போர்வை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் போர்வையை மடித்து அவள் பார்த்ததே இல்லை.

அவள் வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு பின்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, அவன் எப்பப் போனான்?"

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாம்மா. நான்தான் ஷட்டரத் தூக்கிவிட்டேன். அக்காவ எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டான்."

"கேட்டுட்டு எழுப்புவீங்களா? எழுப்பிட்டுக் கேளுங்க!"

அவர் வாயிலிருந்த நுரையைத் துப்புவதற்குள் அவள் மறுபடி மாடிக்கு ஓடிவிட்டாள், போனை எடுக்க.

கரண்டக்கா என்பது தெரு வைத்த பெயர். தொழில் மின்சார வேலை என்பதால் பாதி, கிட்டே போனால் தூக்கியடிப்பாள் என்பதால் பாதி. பட்டறையின் முன்பக்கம் வீட்டுக்காரருடையது. ஹெல்மெட், சீட் கவர், கண்ணாடி விற்பார். உள்பக்கம் அவளுடையது. பைக்குகளுக்கு விளக்கு, ஹாரன், போன் சார்ஜர் என்று பேட்டரியிலிருந்து எதை இழுக்க வேண்டுமானாலும் அவள்தான் இழுப்பாள். தம்பி மீசை முளைக்கும் முன்பிருந்தே அவளோடு நின்று வேலை கற்றவன். இன்றைக்கு அவன் கை அவள் கைக்குச் சமம். அதை அவள் வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை.

கம்பி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில், கிளம்பும் இடத்திலேயே ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். வழியில் எங்கேயாவது ஒயர் தோலுரிந்து வண்டியின் இரும்பில் பட்டால் முதலில் அந்த ஃபியூஸ் செத்துப்போகும்; மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும். கையில் ஃபியூஸ் தீர்ந்துபோன நேரத்தில், இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி, செத்த ஃபியூஸின் மேல் சுற்றுவார்கள். விளக்கு எரியும். ஆனால் இனி சாவதற்கு ஃபியூஸ் இல்லை. ஒயர் இரும்பில் பட்டால் ஒயரே பழுக்கும், தோல் உருகும், பக்கத்து ஒயருக்குத் தாவும். அதற்கு மேலே பெட்ரோல் டேங்க். செய்யக்கூடாத காரியம்தான்; எல்லாப் பட்டறையிலும் செய்கிறார்கள். செய்தால் உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் வண்டியை வெளியே விடுவதும், அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டுக் கடைக்குப் போவதும் ஒன்றுதான்.

அதனால் அக்கா தம்பி இருவருக்கும் இடையே ஒரு பழக்கம் இருந்தது. யார் கம்பி சுற்றினாலும் வாய்விட்டு "கம்பி!" என்று சொல்ல வேண்டும். மற்றவர் என்ன வேலையில் இருந்தாலும் அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தலை மறந்தாலும் இன்னொரு தலை மறக்காது என்பது கணக்கு. பக்கத்துக் கடைக்காரர்கள் இதைக் கேட்டுக் கேட்டு, அவர்களும் சும்மா "கம்பி!" என்று கத்திக் கிண்டல் செய்வார்கள்.

போன மாதம் தம்பி அதைச் சொல்லவும் மறந்தான், கம்பியை எடுக்கவும் மறந்தான். வண்டிக்காரர் ஒரு பெரிய மீசைக்காரர். தெருமுனை தாண்டுவதற்குள் அவர் சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை; சீட்டும் மீசைக்காரரின் மரியாதையும் மட்டும் கொஞ்சம் கருகின. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நின்று கூச்சல் போட்டார். தெருவே கூடிவிட்டது. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. மீசைக்காரரைச் சமாதானப்படுத்துவதை விட்டுவிட்டு, தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கம்பிய எடுக்க ஞாபகமில்லாதவன் எதுக்குடா ஸ்பேனரத் தொடற? இத்தனை வருஷமா நான் ஒருநாள் மறந்திருப்பேனா? உன்ன நம்பி ஒரு பல்ப மாட்டக்கூட விட முடியாது!"

மீசைக்காரரே சங்கடப்பட்டு, "விடும்மா, சின்னப் பையன்" என்றார். அவள் விடவில்லை. கோபக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதிராளி வாயை மூடிக்கொண்டு நின்றால் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாக வரும். தம்பி வாயை மூடிக்கொண்டுதான் நின்றான். கூட்டம் கலைந்ததும் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் பெரிய ஷோரூமில் வேலை தேடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பட்டறையில் எல்லாப் பேச்சும் வீட்டுக்காரர் வழியாகவே நடந்தது. கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "மாமா, அவங்ககிட்ட கட்டிங் பிளேயரக் கேளுங்க" என்பான் தம்பி. "எடுத்துக்கச் சொல்லுங்க" என்பாள் அக்கா. நடுவில் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்துவலி வந்து உட்கார்ந்திருந்தார்.

புது வேலைக்குக் கிளம்பும் முன், நேற்று மாலை தம்பி வீட்டுக்காரரிடம் சொன்னான். "மாமா, வழி பாக்கறதுக்கு போன் வேணும். என் போன்ல சார்ஜே நிக்கறதில்ல. வண்டில ஒரு யு.எஸ்.பி. சார்ஜர் மாட்டிக்கறேன்."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "என் கை படாம இந்தப் பட்டறையிலேருந்து ஒரு வண்டியும் வெளிய போகாதுன்னு சொல்லுங்க."

தம்பி சாவியை மாமாவிடம் கொடுத்தான், மாமா அவளிடம் கொடுத்தார். அவள் சீட்டைக் கழற்றினாள்.

தம்பிக்கு என்று அவள் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை நன்றாகவே செய்தாள். சாவியைப் போட்டால்தான் சார்ஜருக்குக் கரண்ட் போகும்படி இணைத்தாள். ஒயரை டேங்குக்கு அடியில் எஞ்சின் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோனாள். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பினாலும் ஒயர் இழுபடாதபடி கொஞ்சம் தொளதொளவென்று விட்டுக் கட்டினாள். மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் சார்ஜருக்கு ரப்பர் மூடி போட்டாள். ஒன்றை மட்டும் செய்யவில்லை. வேலையை ஆரம்பிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள், கோபத்தில் அதைக் கழற்றவில்லை. ஒயரின் முனை இரும்பில் உரசியது. சடக்கென்று ஒரு பொறி. ஃபியூஸ் போயிற்று. அந்த அளவில் அது கடைசி ஃபியூஸ். டப்பாவில் மீதி இருந்ததெல்லாம் பெரிய அளவு. அதைச் சின்ன ஒயருக்குப் போடுவதற்குப் போடாமலேயே இருக்கலாம்.

ஒரு கம்பி சுற்றினாள். சார்ஜரில் நீல விளக்கு எரிந்தது. காலையில் பக்கத்துத் தெருவில் ஒரு ஃபியூஸ் வாங்கி மாட்டிவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தாள். "கம்பி" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்க வேண்டியவன் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்; பேசுவதில்லையே. சரி, கையோடு எடுத்துவிட்டால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று குனிந்தாள். அதே நேரத்தில் தம்பி, "மாமா, வேல முடிஞ்சிருந்தா சாவியக் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு நிறைய வேல கெடக்கு" என்றான்.

நிறைய வேலையாம். அவளுக்குச் சுருக்கென்றது. சீட்டைத் தூக்கி மாட்டி ஓங்கி ஓர் அடி அடித்து மூடினாள். சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கம்பி உள்ளேயே இருந்தது.

இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக நடந்தாள். மணி அடித்தது. கட் செய்தான். மறுபடி அடித்தாள். மறுபடி கட். கையில் கிரீஸ் இருப்பதால் அவள் எப்போதும் எழுத்தாக அனுப்புவதில்லை, பேசித்தான் அனுப்புவாள். இப்போதும் பேசி அனுப்பினாள்: "டேய், வண்டிய நிறுத்துடா. ஃபியூஸ்ல கம்பி இருக்கு. நான் எடுக்கல. உடனே நிறுத்து." செய்தி போய்ச் சேர்ந்தது. அவன் திறந்து கேட்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவன் போன் கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிடும் பழைய போன். இவ்வளவு நேரம் கழித்தும் மணி அடிக்கிறது என்றால் சார்ஜர் வேலை செய்கிறது என்று அர்த்தம். சார்ஜர் வேலை செய்தால் அந்த ஒயரில் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கட் செய்கிறான், பாவி. நினைக்கும்படிதானே இவளும் வைத்திருக்கிறாள்.

"நீங்க பேசுங்க. உங்க போன்லனா எடுப்பான்" என்றாள் வீட்டுக்காரரிடம்.

எடுத்தான். ஆனால் வீட்டுக்காரர் போன் பேசும் முறை உலகப் பிரசித்தம். யாரோடு பேசினாலும், எதற்குப் பேசினாலும், நலம் விசாரிக்காமல் அவருக்கு விஷயம் வாயில் வராது.

"மாப்ள, நல்லா இருக்கியா? எதாவது சாப்டியா? குளிரா இருக்குமே, ஸ்வெட்டர் போட்டிருக்கியா?"

"கம்பி! கம்பியச் சொல்லுங்க!" என்று பக்கத்தில் குதித்தாள் அக்கா.

அந்தப் பக்கம் லாரிகள் போகும் இரைச்சல். அதற்கு நடுவே தம்பியின் குரல். "ரோட்டுல இருக்கேன் மாமா. பக்கத்துல அவங்க நிக்கறாங்களா? குரல் கேக்குது. நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க. வைக்கறேன்." வைத்துவிட்டான். அதற்குப் பிறகு மாமா அடித்தும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஸ்வெட்டரப் பத்திச் சொல்லலியே" என்றார்.

அவரைக் கொல்லுவதற்கு நேரமில்லாமல் போய்விட்டது. ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அவர் பின்னாலேயே வந்து, "நீ இருக்கற பதட்டத்துல ஓட்டாத, நான் ஓட்டறேன்" என்றார். ஓட்டினார். தெருவைத் தாண்டும் முன்பே ஒரு பூனைக்கு வழிவிட்டார், ஒரு பள்ளிக்கூட வேனுக்கு வழிவிட்டார், போகிறதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கும் நின்று வழிவிட்டார்.

"எறங்குங்க."

"ஏம்மா?"

"பின்னால உக்காருங்க."

அதற்கப்புறம் ஸ்கூட்டர் அது பிறந்த நாளிலிருந்து காணாத வேகத்தில் போயிற்று. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஊரின் கடைசி வீடுகள் வரும்வரை அவள் ஒவ்வொரு கட்டாக மனதில் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். டேங்குக்கு அடியில் ஒரு கட்டு. பக்கவாட்டில் ஒரு கட்டு. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் ஒயர் உரசித் தேயாமல் காக்கும் ரப்பர் உறையை, ஸ்லீவை, மாட்டினாளா? மாட்டினாள். மாட்டியது இந்த வண்டிக்கா, அதற்கு முந்தைய வண்டிக்கா? வெட்டிய ஸ்லீவ் கையில் இருந்தது ஞாபகம் வந்தது. அதை நுழைத்தது ஞாபகம் வரவில்லை. அந்தக் கழுத்துப் பகுதிதான் ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ஒயரைக் கடிக்கும் இடம். மலைப்பாதையில் அவன் எத்தனை தடவை திருப்புவான். கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கியது.

தூரத்தில் சாலையோரம் புகை தெரிந்தது. "என்னங்க, அங்க பாருங்க, அங்க பாருங்க" என்றாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்து, "குப்பைம்மா. குப்பைய எரிக்கறாங்க" என்றார். குப்பைதான். அதைத் தாண்டிப் போகும்போதுகூட அதில் ஒரு பைக் கிடக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே போனாள்.

பெட்ரோல் பங்கில் நிறுத்தி விசாரித்தாள். "கறுப்பு பைக்குங்க. பின்னாடி பெட்டி கட்டியிருக்கும். ஒல்லியா ஒரு பையன்."

பெட்ரோல் போடுபவர் யோசித்தார். "காலைலேருந்து வந்ததெல்லாம் கறுப்பு பைக்குதாம்மா. ஒல்லிப் பசங்களுக்கும் பஞ்சமில்ல" என்றார்.

அங்கேயே நின்று மறுபடி போன் அடித்தாள். இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "அணைஞ்சிருச்சு" என்றாள்.

"சார்ஜ் இல்லாம இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"சார்ஜர்ல இருக்கற போன் எப்படிங்க அணையும்? ஒயர் போனாத்தான் அணையும்."

"வண்டிய எங்கயாவது நிறுத்தியிருப்பாம்மா. சாவிய எடுத்தா சார்ஜர் நின்னுடும்னு நீதான சொல்லுவ."

"வேலைல சேரப் போறவன் பாதி வழில எதுக்கு நிக்கப் போறான்?"

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அவள் தோளைப் பிடித்த கை இப்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிடித்த மாதிரி இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. எதிர்க்காற்றில் கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. அவன் பேசமாட்டான் என்றால் பேசாமல் இருந்துவிட்டுப் போகட்டும். வாழ்நாள் முழுக்க மாமா வழியாகவே கட்டிங் பிளேயர் கேட்கட்டும். வண்டி மட்டும் எரியாமல் இருக்க வேண்டும். அவன் மட்டும் எங்கேயாவது நின்றுகொண்டிருக்க வேண்டும்.

ஆற்றுப் பாலம் தாண்டி நெடுஞ்சாலை ஆரம்பிக்கும் இடத்தில் லாரிக்காரர்கள் நிறுத்தும் ஒரு டீக்கடை உண்டு. ஊரிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. அங்கே இருப்பான் என்று அவள் நினைக்கவே இல்லை. தாண்டிப் போயே போய்விட்டாள். வீட்டுக்காரர்தான் அவள் முதுகில் தட்டினார்.

"நிறுத்து, நிறுத்து! அது மாப்ளதான?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் மடியில். பக்கத்தில் பைக், முழுசாக, பின்னால் கட்டிய பெட்டியோடு.

ஸ்கூட்டரை அப்படியே வீட்டுக்காரர் கையில் விட்டுவிட்டு ஓடினாள். தம்பியிடம் போகவில்லை, வண்டியிடம் போனாள். டேங்குக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கழுத்துப் பகுதியைத் தடவினாள். ஸ்லீவ் இருந்தது. கையை நீட்டி, "சாவி!" என்றாள்.

போன மாதத்திலிருந்து அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் எழுந்து வந்து, முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தான்.

சீட்டைத் தூக்கினாள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். கம்பி இல்லை. சின்னதாக, புதிதாக ஒரு ஃபியூஸ் சரியான அளவில் உட்கார்ந்திருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ மாத்திட்டியா?"

"கெளம்பறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன். யார் கை வச்ச வண்டியா இருந்தாலும் சீட்டத் தூக்கிப் பாக்காம நான் எடுக்கமாட்டேன்."

"ஃபியூஸ் ஏது உனக்கு?"

"என் டூல் பையில ஒரு பாக்கெட்டே இருக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

கேட்டிருந்தால். பேசியிருந்தால்தானே கேட்பதற்கு. உயிர் திரும்பிவந்ததும் கோபமும் பின்னாலேயே வந்துவிட்டது அவளுக்கு. எழுந்து நின்றாள்.

"ஏன்டா, மாத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? எத்தன தடவ போன் அடிச்சேன்! பேசி வேற அனுப்பினேன். காலைலேருந்து செத்துச் செத்துப் பொழைக்கிறேன்டா நான். நீ இங்க உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்க!"

தம்பி ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"நீ என்ன சொல்லியிருப்பியோன்னு கேக்க பயமா இருந்துச்சு" என்றான்.

"என்ன சொல்லியிருப்பேன்?"

"வேணும்னுதான வச்ச?"

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. "எத?"

"கம்பிய. அன்னிக்கு நான் மீசைக்காரர் வண்டில வச்சதுக்குப் பதிலுக்கு. நீ பண்ணது எப்படி இருக்கு பாருன்னு காட்டறதுக்கு. காலைல சீட்டத் தூக்கினதும் அதப் பாத்தேன். கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். போயிட்டா போதும்னு கெளம்பிட்டேன். இதுவரைக்கும் வந்துட்டேன், இதுக்கு மேல ஓட்ட முடியல." அவன் வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "எரிஞ்சா எரியட்டும்னு நெனச்சிட்டியாக்கா?"

அக்காவுக்குக் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல இருந்தது. அள்ளி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல், "மறந்துட்டேன்டா" என்றாள்.

"நீயா?" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் மாட்டிக்கொண்டாள். ஒருநாள் மறந்திருப்பேனா என்று தெருவே கேட்கக் கத்தியவள் அவள்தானே. அதை நம்பித்தானே அவன் இப்படி நினைத்திருக்கிறான். மற்ற யார் வைத்திருந்தாலும் மறதி என்று சிரித்துவிட்டுக் கம்பியை உருவிப் போட்டிருப்பான். கரண்டக்கா மறக்கமாட்டாள், அப்படியென்றால் வேண்டுமென்றுதான் வைத்திருக்கிறாள். மறந்ததை எதைக் காட்டி நிரூபிப்பது? வேண்டுமென்று செய்ததற்காவது காரணம் சொல்லலாம், மறதிக்கு என்ன காரணம் இருக்கிறது?

வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்து, "மாப்ள, அக்கா வந்து..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க" என்று அவரை நிறுத்தினாள். இனி அவர் வழியாக ஒன்றும் வேண்டாம்.

டீக்கடையில் லாரிக்காரர்கள் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அன்றைக்கு எவ்வளவு சத்தமாகத் திட்டினாளோ அவ்வளவு சத்தமாகவே சொன்னாள்.

"மறந்துட்டேன். கோவத்துல நெகட்டிவ்வக் கழட்டாமலே வேல பாத்தேன். நேத்து வந்த பசங்ககூட அதச் செய்யமாட்டாங்க, நான் செஞ்சேன். ஃபியூஸ் போச்சு. கம்பி சுத்தினேன். உன்கிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ரோஷத்துல சொல்லல. எடுக்கலாம்னு குனிஞ்சேன். நீ சாவியக் கேட்ட. கோவம் வந்துச்சு, மூடிட்டுப் போயிட்டேன். ராத்திரி தூங்கியும் தூங்கிட்டேன்டா, அதான் கொடும. அன்னிக்கு நீ மறந்தியே, அப்படியேதான் நானும் மறந்தேன். உன்னவிட நான் ஒண்ணும் ஒசத்தி இல்ல."

சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. டீக்கடைக்காரர் கொதிக்கும் பாலைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, அது பொங்கிய சத்தத்தில் அடுப்பைப் பார்த்து ஓடினார்.

தம்பி அவளையே பார்த்தான். "நெஜமாவே மறந்துதான் போனியா?"

"நெஜமா."

"வேணும்னு இல்லியே?"

"வேணும்னு செய்வேனாடா நான்?"

அவன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். ஹெல்மெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று வீட்டுக்காரர் பதறிக் கிட்டே போனார். அழுதுகொண்டேதான் சிரித்தான். "மறந்துட்டாளாம் மாமா! அக்கா மறந்துட்டாளாம்!" யாருக்கோ குழந்தை பிறந்த சேதியைச் சொல்கிறவன்போலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் டீ குடித்தார்கள். வீட்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து ஸ்வெட்டரைப் பற்றி விசாரித்து முடித்தார். அக்கா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பி வந்துடேன்டா" என்றாள்.

தம்பி யோசித்தான். "இல்லக்கா. போறேன். வேல நல்ல வேல. நேத்துவரைக்கும் உன் மேல இருந்த கோவத்துலதான் போகணும்னு இருந்தேன். இப்ப எனக்கே போகணும்னு இருக்கு."

அவளுக்கு நெஞ்சு வலித்தது. வலித்தது என்று அவனிடம் சொன்னாள். அவன், "தெரியும்" என்றான்.

புறப்படும் முன் அவன் வண்டியைக் காட்டி, "சீட்டு தொறந்துதான் இருக்கு. நான் மாட்டினத எல்லாம் ஒரு தடவ பாத்துடறியா?" என்று கேட்டான். வழக்கமான கேள்விதான். அவன் மாட்டிய ஒவ்வொன்றையும் அவள் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அவன் தள்ளி நின்று காத்திருப்பான். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

கை தானாகவே நீண்டது. ஃபியூஸ் நன்றாக அழுத்தி மாட்டியிருக்கிறானா, டெர்மினலின் நட்டை இறுக்கினானா, பெட்டியின் மூடி க்ளிக்கென்று பூட்டியதா என்று பார்க்க விரல் பரபரத்தது. பேட்டரி வரைக்கும் போன கையை மடக்கிக்கொண்டாள். சீட்டை எடுத்து மாட்டி, மெதுவாக அழுத்தி மூடினாள்.

"நீ பாத்துட்டல்ல, அப்புறம் எனக்கு என்ன வேல" என்று சொல்லிச் சாவியை அவன் கையில் கொடுத்தாள்.